கோட்டைப் படத்தின்ரை ரண்டாந் தாள்

செபஸ்தியம்மா மீன் கடகத்தை இறக்க முதல் கதையை இறக்கிப் போட்டாள்.

"நாளைக்கு விடிய உங்கடை பக்கந்தானாம் தங்கச்சி. நாவற்குழிப் பக்கம் நேற்று முடிச்சிட்டாங்கள். பானை சட்டியெல்லாம் கவிட்டுப் பாத்தவங்களாம். ஒரு வீட்டிலை பிள்ளையின்ரை பள்ளிக்கூட அட்லஸ் கிடந்ததெண்டு தேப்பனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

ஞானாம்பிகை கையிலை எடுத்த ஓரா மீனை மணந்து பாத்திட்டுத் திரும்பக் கடகத்துக்குள்ளை போட்டாள்.

"மீன் நேற்றையான். கதை மட்டுந்தான் இண்டையான்," எண்டாள். "ஆர் சொன்னது உனக்கு?"

"சென்றியிலை காவல் நிண்ட ஆமிக்காரன் சொன்னவன். நாளைக்கு இந்தப் பக்கம் வராதை, மீன் விக்காது எண்டு."

வாய் பகிடி விட்டாலும் ஞானம் அதை நம்பினாள். மீன்காரிக்கு ஆமிக்காரன் சொன்ன கதை அந்த நாளிலை பிழைச்சதே இல்லை. எண்பத்தெட்டாம் ஆண்டு ஆவணி மாசம், இந்தியன் ஆமி நிண்ட காலம். சுத்தி வளைப்பு எண்டா, விடியக் கண் முழிக்கிற நேரம் ஒழுங்கை முழுக்க ஆமி நிக்கும். ஆம்பிளையளை எல்லாம் பள்ளிக்கூட வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வரிசையிலை விடுவாங்கள். முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள்ளை இருக்கிற தலையாட்டி ஆரைப் பாத்துத் தலையை ஆட்டுறானோ, அவன் வீட்டை திரும்பான். அந்த நேரம் பொம்பிளையள் வீட்டிலை நிண்டு, அலுமாரியும் பெட்டியும் கிண்டுப்படுறதைப் பாத்துக்கொண்டிருக்க வேணும்.

அதாலை அரியாலைப் பெண்டுகள் ஒரு வேலை பழகி வைச்சிருந்தினம். ஆமி வந்து பாக்க முதல், ஆமிக்காரன்ரை கண்ணாலை தங்கடை வீட்டைத் தாங்களே ஒருக்காப் பாக்கிறது. பச்சைச் சேட்டு இருந்தா எடு. பழைய பற்றரி கிடந்தா கிணத்துக்கை போடு. உடுப்புக் கொடி கட்டின வயரை அவிட்டுப்போட்டுக் கயிறு கட்டு. ஞானம் இந்த வேலையிலை கெட்டிக்காரி. பண்டத்தரிப்பிலை புகையிலைக் கமக்காரன் பொன்னம்பலத்தின்ரை மூண்டாவது பெட்டை. பத்தாம் வகுப்போடை படிப்பை விட்டு, இருபத்திரண்டிலை கலியாணங் கட்டி அரியாலைக்கு வந்தவள். புகையிலைச் செடியிலை ஒவ்வொரு இலையாப் பிரட்டிப் பிரட்டிப் புழுப் பாத்து வளந்த கண் அது. வீட்டிலை ஒரு ஊசி இடம் மாறிக் கிடந்தாலும் கண்டுபிடிக்கும்.

பத்து மணிக்கிடையிலை குசினியும் ரண்டு அறையும் முடிஞ்சுது. பேந்துதான் பெரிய அலுமாரிக்கு மேலை கையை நீட்டினாள். அங்கை பராவின்ரை லண்டன் சூட்கேஸ் அஞ்சு வருசத் தூசியோடை கிடந்தது.

பரராசசிங்கம் எண்டிறது அவளின்ரை புருசன் நமசிவாயத்தாற்றை தம்பி. லண்டனிலை கணக்காளர் படிப்பு எண்டு போனவன், எண்பத்திமூண்டு சித்திரைக்கு வந்து ரண்டு மாசம் நிண்டிட்டு ஆனியிலை திரும்பிப் போட்டான். போகேக்கை "அண்ணி, உதை மட்டும் பத்திரமா வையுங்கோ" எண்டு சொல்லிக் குடுத்த சூட்கேஸ். உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஞானத்துக்கு அரைகுறையாத் தெரியும். தமையனும் தம்பியும், றேடியோத் திருத்துற இஸ்ஸதீனும் சேந்து, ரண்டு மாசமாப் பின்னேரத்திலை விறாந்தை மேசையைச் சுத்தி இருந்து விளையாடின ஏதோ கண்டறியாத விளையாட்டு. அந்த ரண்டு மாசமும் தேத்தண்ணி ஊத்தி ஊத்தியே அவளுக்குக் கை ஓய்ஞ்சு போச்சு. ஒரு நாள் கூட எட்டிப் பாக்கேல்லை.

பூட்டுக் கறள் பிடிச்சிருந்தது. அம்மிக் குழவியாலை ஒரு போடு போட்டாள், திறந்திட்டுது.

தடிச்ச இங்கிலீசுப் புத்தகம் மூண்டு. ஒரு பால்மாப் பேணி. அடியிலை மடிச்சுக் கிடந்த பெரிய தாள் ரண்டு.

முதல் புத்தகத்தின்ரை மட்டையிலை, வௌவால் செட்டை முளைச்ச பாம்பொண்டு வாயாலை நெருப்பு ஊத்திக்கொண்டு நிண்டுது. ஞானம் பக்கத்தைப் பிரட்டினாள். இங்கிலீசு அவளுக்குக் கடைப் பலகை வாசிக்கிற அளவுதான். ஆனா படம் வாசிக்க இங்கிலீசு தேவையில்லையே. சதுரம் சதுரமாக் கோடு போட்ட தாளிலை அறை, அறையிலை இருந்து நடை, நடை முடிவிலை கதவு, கதவுக்கு அங்காலை இன்னொரு அறை, நடுவிலை ஒரு கிணறு, கிணத்தடியிலை அந்தப் பாம்பு.

அவளுக்குத் திக்கெண்டுது. இதை நான் எங்கையோ கண்டிருக்கிறன்.

எங்கை கண்டது? தன்ரை வீட்டிலைதான். ரண்டு வருசத்துக்கு முந்தி பரா, மகள் அருந்ததிக்கு எண்டு ஆரோ ஊருக்கு வந்த ஆளிட்டை ஒரு டிவி கேம் குடுத்து விட்டவன். கறுப்புப் பெட்டி, ரண்டு கைபிடி, உள்ளுக்குப் போடுற ஒரு கசற். டிவியிலை கொழுவினா, ஒரு சின்ன மனிசன் கையிலை விளக்கோடை நிலவறை நிலவறையா ஓடுவான். கதவு திறப்பான், கிணத்துக்கை விழுவான், செட்டைப் பாம்பு வந்து விழுங்கும். கரண்டு இருக்கிற நேரமெல்லாம் அருந்ததி அதுக்கு முன்னாலைதான். "பறக்கிற பாம்பைப் பாத்துப் பாத்து நீ பறக்கப் போறாய், எழும்படி" எண்டு ஞானம் பேசாத நாள் இல்லை. இப்ப அந்தப் பாம்பு இஞ்சை புத்தகத்துக்குள்ளை படுத்திருக்கு. அதே கிணறு, அதே விளக்கு. மூக்கும் முழியும் தாயும் பிள்ளையும் மாதிரி. பரா அப்ப காயிதத்திலை எழுதினவன்: "நாங்கள் மேசையிலை விளையாடினதைத்தான் அண்ணி இப்ப இவங்கள் டிவிப் பெட்டிக்குள்ளை போட்டிருக்கிறாங்கள்" எண்டு. அண்டைக்கு அவளுக்கு அது விளங்கேல்லை.

பேணியைக் குலுக்கினாள். கலகல எண்டு தாயக்காய். ஆனா சாதாரண தாயக்காய் இல்லை. ஒண்டுக்கு நாலு முகம், ஒண்டுக்கு எட்டு, ஒண்டு இருபது முகத்தோடை நெல்லிக்காய் மாதிரி உருண்டுது. சரி, விளையாட்டுச் சாமான். பாத்தாச் சிரிப்பாங்கள், விட்டிடுவாங்கள்.

பேந்துதான் ஒரு தாளை விரிச்சாள்.

விரிச்ச கை அப்பிடியே நிண்டிட்டுது. அஞ்சு மூலை வைச்ச நட்சத்திரம் மாதிரி மதில். சுத்தி அகழி. உள்ளுக்குக் கட்டிடம். யாழ்ப்பாணத்திலை பிறந்த சின்னப் பிள்ளையும் சொல்லும், அது கோட்டை. ஒல்லாந்தன் கட்டின கோட்டை. எந்த ஆமி வந்தாலும் முதலிலை போய்க் குந்துற கோட்டை. அதுக்குள்ளை மணி மணியான எழுத்திலை எழுதிக் கிடந்தது: "சுரங்கப் பாதை." "ஆயுத அறை – பூட்டு உடைக்க 15." "காவல் 6, உயிர் 8." "இரவு மாறும் காவல் – பூதம் 3."

தாளின்ரை வலப் பக்கக் கீழ் மூலையிலை ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளை அளவுத்திட்டம், வடக்குக் குறி, திகதி. பிறகு: "வரைந்தவர்: க. நமசிவாயம்." அதுக்குக் கீழை புருசன்ரை கையொப்பம். வளைஞ்ச வாலோடை, வடிவான கையொப்பம்.

"இஞ்சேருங்கோ!"

அவள் கத்தின கத்திலை, கிணத்தடியிலை கப்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிண்ட நமசிவாயத்தார் எண்ணெய்ப் போத்தலையும் கையிலை கொண்டு ஓடி வந்தார். அவர் ஒரு அரசாங்கக் கந்தோரிலை படவரைஞர். சனிக்கிழமை எண்டபடியாலை வீட்டிலை நிண்டார். அமைதியான மனிசன். பேசினா உடனை பதில் வராது, ஒரு கோடு கீறிப் பாத்திட்டுத்தான் வரும்.

"என்ன இது?"

தாளைப் பாத்த உடனை மனிசன்ரை முகம் ஒருக்கா மலர்ந்துது. அதைப் பாக்க அவளுக்குக் கொதி வந்துது.

"அட, இது இன்னும் கிடக்கே! பரா புத்தகத்திலை பனி பெய்யிற நாட்டுக் கோட்டை எல்லே வைச்சிருந்தவன். அது எங்கடை மண்டைக்குள்ளை வரேல்லை. அதுதான் எங்கடை கோட்டையைக் கீறச் சொன்னவன். நான் கூரை ஒழுக்குப் பாக்க அளவெடுக்கப் போனனான் தானே, உள்ளுக்கெல்லாம் தெரியும்."

"தெரிஞ்சதைக் கீறினியள், சரி. எந்த விசரன் அதுக்குக் கீழை பேர் போட்டுக் கையொப்பம் வைப்பான்?"

"வரைஞ்ச ஆள் ஆரெண்டு போடாட்டி அது படமில்லை, ஞானம்."

"போட்டா நீங்கள் ஆளில்லை! காவல் ஆறு எண்டா என்ன, உயிர் எட்டெண்டா என்ன எண்டு கேப்பாங்கள். பூதம் மூண்டெண்டா எந்த இயக்கத்தின்ரை குறிப்பெயர் எண்டு கேப்பாங்கள். என்ன சொல்லப் போறியள்? பூதம் எண்டாப் பூதந்தான் ஐயா எண்டோ?"

மனிசன் எண்ணெய்ப் போத்தலை மெல்ல நிலத்திலை வைச்சார். இப்பதான் அவருக்கு ஆபத்து விளங்கினது. ஒருத்தன் கதை சொல்லுறது, மற்றவை அந்தக் கதைக்குள்ளை போற ஆக்களா இருக்கிறது, கதவைத் திறக்கிறன் எண்டா காயை உருட்டி விழுகிற எண்ணைப் பாத்து அது திறந்துதோ, ஆள் பொறிக்குள்ளை விழுந்தானோ எண்டு தீர்ப்புச் சொல்லுறது. அவ்வளவுதான் அந்த விளையாட்டு. ஆனா அதை ஒரு வெயிலுக்குள்ளை, வரிசையிலை நிண்டு, மொழி தெரியாத ஒருத்தனுக்கு எப்பிடிச் சொல்லுறது?

"எரிப்பம்," எண்டார்.

"எரிக்காமல் கண்ணாடி போட்டு மாட்டவோ? தாருங்கோ."

மற்றத் தாளையும் விரிச்சு, ரண்டையும் சேத்துச் சுருட்டப் போன நமசிவாயத்தார் நிண்டிட்டார். தாள் மூலையைப் பாத்தார். மற்றதையும் பாத்தார். சூட்கேசைத் தலைகீழாக் கவிட்டார்.

"என்னப்பா?"

"மூண்டு தாள் இருக்க வேணும். நான் இலக்கம் போட்டனான். இது தாள் ஒண்டு, மூண்டிலை. இது தாள் மூண்டு, மூண்டிலை."

"அப்ப ரண்டு?"

அவர் வெறுஞ் சூட்கேசைத் தட்டிப் பாத்தார்.

"ரண்டிலை என்ன இருந்தது?"

"வாசல்," எண்டார் நமசிவாயத்தார். "வாசலும் காவலும்."

அதுக்குப் பிறகு அந்த வீட்டிலை ஒரு மணித்தியாலம் ஒண்டும் நேரா நடக்கேல்லை. மெத்தையைத் தூக்கினாள், சாமிப் படத்துக்குப் பின்னாலை பாத்தாள், அரிசிச் சாக்குக்குள்ளை கை விட்டாள். சோறு அடிப்பிடிச்சு மணந்துது. ரண்டு தாளும் எரிஞ்ச அடுப்புச் சாம்பலை மூண்டு தரம் கிளறிவிட்டாள். எரிச்சதாலை என்ன பிரியோசனம்? மிச்சத் தாளிலையும் அதே பேர், அதே கையொப்பந்தானே.

ரியூசன் முடிஞ்சு வந்த அருந்ததி, வீடு கிடந்த கோலத்தைப் பாத்திட்டுச் சைக்கிளையும் நிப்பாட்டாமல் நிண்டாள். பதினைஞ்சு வயசு, தாயின்ரை வாய், தேப்பன்ரை கை.

"அம்மா, ஆமி வந்திட்டுப் போட்டுதோ?"

"ஆமி வர முதல் நான் கிண்டுறன். பிள்ளை, உந்தச் சூட்கேசுக்குள்ளை இருந்து ஒரு பெரிய தாள் எடுத்தனியோ? உண்மையைச் சொல்லு, அடிக்க மாட்டன்."

"அடிக்க மாட்டன்" எண்டு தாய் சொன்ன உடனையே பெட்டைக்குப் பயம் வந்திட்டுது.

"சூட்கேஸ் பூட்டோடை எல்லே கிடந்தது. நான் திறக்கேல்லை. அலுமாரிக்குப் பின்னாலை ஒரு தாள் விழுந்து கிடந்தது. பின்பக்கம் வெறுமை, நல்ல தடிச்ச தாளம்மா. டிவி கேமிலை எந்த அறையாலை எந்த அறைக்குப் போறதெண்டு மறந்து மறந்து போகுது. அதுதான் பின்பக்கத்திலை எல்லா அறையையும் கீறி வைச்சனான்."

"முன்பக்கம் என்ன கிடந்ததெண்டு பாக்கேல்லையோ?"

"அப்பான்ரை ஏதோ கந்தோர்ப் படம்."

"அந்தத் தாள் இப்ப எங்கை?"

"டிவி கேம் வந்த மட்டைப் பெட்டிக்குள்ளை."

"டிவி கேம் எங்கை?"

அருந்ததி தேப்பனைப் பாத்தாள். தேப்பன் நிலத்தைப் பாத்தார். கைபிடி உடைஞ்சு, போன மாசம் அவர்தான் பெட்டியோடை இஸ்ஸதீன்ரை கடையிலை திருத்தக் குடுத்தவர்.

சுத்தி வளைப்புக்கு முதல் நாள் ஆம்பிளையள் சென்றி தாண்டிப் போறேல்லை. ஞானம் முகத்தைக் கழுவி, நல்ல சீலையொண்டைச் சுத்தி, கண்டி வீதியிலை வந்த முதல் வானிலை ஏறினாள். வழியிலை ரண்டு சென்றி. ரண்டிலையும் இறங்கி நடந்து ஏறினாள். ரண்டாவது இடத்திலை ஒருத்தன் பையைத் திறந்து பாத்தான். உள்ளுக்கு ஒண்டுமில்லை. ஆனா நெஞ்சு, உள்ளுக்கு எல்லாம் இருக்கிற மாதிரி அடிச்சுது.

இஸ்ஸதீன்ரை கடை கஸ்தூரியார் வீதியிலை. திறந்து போட்ட றேடியோவளுக்கு நடுவிலை மனிசன் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்ட உடனை எழும்பிக் கதிரையைத் துடைச்சு வைச்சார்.

"வாங்கோ அக்கா. அண்ணை சுகமே?"

"நாளைக்கு விடியுமட்டும் சுகம். பிறகு தெரியாது. தம்பி, அந்த டிவி கேமை உடனை பெட்டியோடை தா."

அவள் குரலைத் தாழ்த்திச் சொல்லி முடிக்க, இஸ்ஸதீன் ஈயக் கோலைக் கீழை வைச்சார்.

"அக்கா... அது இஞ்சை இல்லை."

"அப்ப?"

"போன கிழமை கண்டி வீதிக் காம்ப் கப்டன் ஒரு கசற் றேடியோ திருத்த வந்தவர். நான் அந்த நேரம் கைபிடியைச் சரி பாக்க டிவியிலை கொழுவி வைச்சிருந்தனான். மனிசன் பாத்ததுதான், நிண்ட இடத்திலை நிண்டிட்டுது. தங்கடை ஊர்க் கடையளிலை காசு போட்டு விளையாடினதாம், விட்டு நாலு வருசமாம். ஒரு கிழமைக்குத் தாங்க பாய் எண்டு கேட்டார். ஆமிக்காரன் கேட்டா இல்லையெண்டு சொல்லேலுமோ அக்கா? பெட்டியோடை குடுத்திட்டன்."

ஞானம் கதிரையிலை இருந்தாள். கோட்டை வாசலும் காவலும் புருசன்ரை கையொப்பத்தோடை ஆமிக் காம்புக்குள்ளையே இருக்கு. ஊரிலை ஆரும் ஒளிக்க நினைக்காத இடம்.

"நான் அந்த ரண்டாந் தாளிலைதான் செத்தனான் அக்கா," எண்டார் இஸ்ஸதீன், தலையிலை கையை வைச்சுக்கொண்டு. "வாசல் காவல் ரண்டு பேர். காயை உருட்டினன், ஒண்டு விழுந்துது. பரா சொன்னவன், முடிஞ்சுது உன்ரை கதை எண்டு."

"உன்ரை செத்த கதையை விடு. இப்ப உருட்டப் போறது நான். அங்கை போக எனக்கொரு சாட்டுத் தா."

இஸ்ஸதீன் யோசிச்சார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ரண்டாவது கைபிடியை எடுத்தார். "இதைத் திருத்திப் போட்டு வைச்சிருக்கிறன். ரண்டு பேர் விளையாட இதுவும் வேணும். குடுக்க வந்தனெண்டு சொல்லுங்கோ. நானும் வாறன்."

"நீ வந்தா உன்னையும் தேடிக்கொண்டு உன்ரை மனிசி நபீஸா வருவாள். இரு."

காம்ப், கொழும்புக்குப் போன ஒரு டொக்குத்தற்றை மாடி வீடு. வாசலிலை மண் மூட்டை, அதுக்குப் பின்னாலை துவக்கு. கைபிடியை உயத்திக் காட்டிக் காட்டி, "கப்டன், டிவி, டிவி" எண்டு சொல்லி, கால் நோக அரை மணித்தியாலம் நிண்டு, ஒருமாதிரி உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனாங்கள்.

கப்டன் இளம் பெடியன், முப்பதுக்கு மேலை வராது. திருநெல்வேலிக்காரன். எங்கடை திருநெல்வேலி இல்லை, கடலுக்கு அங்காலை இருக்கிற திருநெல்வேலி. "வாங்கம்மா, உக்காருங்க" எண்டான். டிவியிலை அந்த விளக்கு மனிசன் அசையாமல் நிண்டான். மேசையிலை தாள்.

விரிச்ச தாள். அருந்ததி கீறின பக்கம் மேலை, கோட்டை கீழை. ஒரு மூலையிலை தேத்தண்ணிக் கிளாஸ், மற்ற மூலையிலை துவக்குச் சன்னம் ஒண்டு. மேலை காத்தாடி சுத்துது. ஒவ்வொரு சுத்துக்கும் பாரமில்லாத மூலை கொஞ்சம் எழும்பும், பேந்து படுக்கும். எழும்பேக்கை அந்த மூலையின்ரை அடியிலை ஒரு கறுப்பு அம்பு நுனி தெரிஞ்சுது. வடக்குக் குறி.

"இது உங்க பொண்ணு வரைஞ்சதா?"

வீட்டிலை நிக்காமல் ஓடுற ஞானத்தின்ரை வாய், அண்டைக்கு ஒரு "ஓம்" சொல்ல அவ்வளவு பாடுபட்டுது.

"கெட்டிக்காரப் பொண்ணும்மா. இது இல்லைன்னா நான் ரெண்டாவது அறையிலயே நின்னிருப்பேன். ஆனா பாருங்க, இந்தக் கிணத்துகிட்ட மூணு நாளா மாட்டிக்கிட்டேன். எப்படிப் போனாலும் பாம்பு பிடிச்சிடுது. இதுக்கு மேல அவ எழுதலை."

மூலை எழும்பிச்சு. அம்பும் அதுக்குப் பக்கத்திலை ஒரு எழுத்தும்.

ஞானம் டிவியைப் பாத்தாள். கிணறு. பாம்பு. குசினியிலை தேங்காய் திருவிக்கொண்டு, கேக்க விருப்பமில்லாமல் கேட்டுக் கேட்டுக் காது புளிச்ச பெட்டையின்ரை சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்துது. "விளக்கை வைச்சிட்டுப் போகவேணும்! விளக்கோடை போனாப் பாம்பு காணும்!"

"விளக்கை வைச்சிட்டுப் போங்கோ," எண்டாள்.

"என்னது?"

"கிணத்துக்கு இஞ்சாலை விளக்கை வையுங்கோ. இருட்டுக்குள்ளை போங்கோ. வெளிச்சத்தைக் கண்டுதான் அது வருகுது."

கப்டன் கைபிடியைப் பிடிச்சான். மனிசன் விளக்கை வைச்சான், இருட்டுக்குள்ளை போனான், பாம்பு அசையேல்லை. கதவு திறந்துது.

"அடி சக்கை!" எண்டு கப்டன் துள்ளி எழும்பினான். முழங்கை கிளாசிலை பட்டுது. தேத்தண்ணி தாள் முழுக்க ஓடிச்சு.

நனைஞ்ச தாள் என்ன செய்யும் எண்டு சமைக்கிற பொம்பிளைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எண்ணெய்க் கடுதாசி மாதிரி ஊடு தெரிஞ்சு, பின்பக்கம் முன்னுக்கு வரத் தொடங்கிச்சு. தண்ணிக்குக் கரையாத கந்தோர்க் கறுப்பு மை. மதிலின்ரை ஒரு கோடு, பேந்து இன்னொரு கோடு, ஒரு கூர் மூலை.

"ஐயோ என்ரை பிள்ளையின்ரை படம்!"

அவள் எழும்பினதும் தெரியாது, தாளை இழுத்ததும் தெரியாது. சீலைத் தலைப்பாலை ஒத்துற மாதிரி ஒத்தி, நாலா மடிச்சு, எட்டா மடிச்சாள்.

கப்டன் அவளின்ரை கையைப் பாத்தான். "பின்னாடி ஏதோ கோடு தெரிஞ்சுதே?"

அந்த நேரம் ஞானத்துக்கு வாய் திரும்பி வந்துது. கடவுள் தந்த வாய்.

"தெரியாமல்? என்ரை மனிசன்ரை கந்தோரிலை கழிச்சுப் போட்ட தாள். எங்கடை வீட்டிலை கடுதாசியை ரண்டு பக்கமும் முடிக்காமல் எறியிறேல்லை. நீங்கள் ஒரு பக்கம் எழுதிப்போட்டுக் கசக்கி எறியிற ஆக்களோ?"

கப்டன் ஒரு கணம் முழிச்சிட்டுச் சிரிச்சான். "எங்க அம்மாவும் இதையேதான் சொல்லுவாங்க. சாரிம்மா, பாழாக்கிட்டேன்."

"பரவாயில்லை. பிள்ளை புதுசாக் கீறித்தருவாள். கிணத்துக்கு அங்காலையும் சேத்து."

"நிஜமாவா? நீங்க அரியாலைன்னு வாசல்ல சொன்னாங்க, நாளைக்குக் காலைல உங்க பக்கந்தான் வர்றோம். நானே வாங்கிக்கிறேன். வீடு எது?"

செபஸ்தியம்மா சொன்னது சரி. ஞானம் வீட்டு அடையாளத்தைச் சொன்னாள். சொல்லாமல் என்ன செய்யிறது? கைபிடியை மேசையிலை வைச்சிட்டு, மடிச்ச தாளைச் சட்டைக்குள்ளை செருகிக்கொண்டு நடந்தாள். அந்த ஈரம் நெஞ்சிலை பட்டுக் குளிர்ந்தது, வீடு வந்து சேருமட்டும்.

தாள் நனைஞ்சதாலை லேசிலை எரியேல்லை. புகைஞ்சு புகைஞ்சு கண்ணைக் கரிச்சுது. கையொப்பம் கருகிற வரைக்கும் அவள் அடுப்படியை விட்டு எழும்பேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் அருந்ததி கொப்பித் தாளிலை படம் கீறினாள். நமசிவாயத்தார் மேசைக்குக் கிட்ட வந்தார், போனார், பிறகும் வந்தார்.

"பிள்ளை, அந்தக் கோடு சரிஞ்சு போகுது. அடிமட்டத்தைத் தாறன்."

"தொடப்படாது!" எண்டாள் ஞானம். "நீங்கள் கீறினாக் கந்தோர் மணக்கும். பெட்டை கீறினதெண்டு சொல்லியிருக்கிறன், பெட்டை கீறின மாதிரியே இருக்கட்டும். சரிஞ்சா நல்லது."

"கதவுக்கு ஒரு குறி இருக்கு, அதையெண்டாலும்..."

"கையைக் கட்டிக்கொண்டு அங்காலை இருங்கோ பாப்பம்."

மனிசன் உண்மையிலையே கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ஆனா கண் மட்டும் அந்தச் சரிஞ்ச கோட்டிலையே கிடந்து துடிச்சுது.

புத்தகம் மூண்டையும் என்ன செய்யிறது? ஞானம் தூக்கினாள், அடுப்பைப் பாத்தாள். பிறகு அருந்ததியின்ரை பள்ளிக்கூடப் புத்தகங்களோடை, ஆரும் பாக்கிற இடத்திலை அடுக்கி வைச்சாள். ஒளிச்சு வைச்சாத்தான் குற்றம். பாம்பு பாம்பாக் கிடக்கட்டும்.

விடிய அவங்கள் வந்தாங்கள். நமசிவாயத்தார் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, ஒழுங்கை ஆம்பிளையளோடை பள்ளிக்கூட வளவுப் பக்கம் நடந்தார். திரும்பிப் பாக்கேல்லை. அவள் பாக்கச் சொல்லவுமில்லை.

ஏழு மணியளவிலை கப்டன் வந்தான். சிப்பாய் ஒருத்தன் செட்டைப் பாம்புப் புத்தகத்தை எடுத்துப் பிரட்டிக்கொண்டு நிண்டான். கப்டன் அதை வாங்கிப் பாத்தான். பக்கத்தைப் பிரட்டினான், நிண்டான், திரும்பவும் பிரட்டினான்.

"இது... அந்த கேம்தானே? கிணறு, விளக்கு எல்லாம் இருக்கே!"

"அது இதிலை இருந்துதான் வந்தது," எண்டாள் அருந்ததி. "இது மேசையிலை விளையாடுறது. கரண்டு தேவையில்லை. பாம்பு என்ன செய்யுமெண்டு பெட்டி சொல்லாது, ஆள்தான் சொல்லும். சித்தப்பா சொன்னவர்."

"ஆள் சொல்றதா? அப்போ பாம்புகிட்ட பேசிக்கூடப் பாக்கலாமே."

"பேசலாம். காய் நல்லா விழ வேணும்."

கப்டன் இருபது முகக் காயை உள்ளங்கையிலை உருட்டிப் பாத்தான். திருப்பி வைச்சான். சரிஞ்ச கோட்டுப் படத்தை மடிச்சுச் சேட்டுப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு, "தேங்க்ஸ் பாப்பா" எண்டிட்டு வெளிக்கிட்டான். என்ரை மனிசன் அங்கை வரிசையிலை நிக்கிறார், நல்ல மனிசன் எண்டு சொல்லவோ? வாய்க்குள்ளை வந்ததை ஞானம் விழுங்கினாள். பேர் சொன்னாப் பேர் நினைவிலை நிக்கும். நிக்கக் கூடாது.

பத்து மணியாச்சு, பன்ரண்டாச்சு. முன்வீட்டு முருகேசர் வந்திட்டார். ஒழுங்கை மூலைப் பெடியன் வரேல்லை, தாய்க்காறி தலையிலை அடிச்சுக்கொண்டு ஓடினாள். ஒரு மணி. ஞானம் வாசல் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். கறள் பிடிச்ச படலைக் கொளுக்கியின்ரை அடையாளம் உள்ளங்கையிலை பதிஞ்சு கிடந்தது.

மூண்டு மணிக்கு ஒழுங்கை முடக்கிலை ஆள் தெரிஞ்சுது. தோள் சரிஞ்சு, உதடு வெடிச்சு, மெல்ல மெல்ல. ஜீப்புக்கு முன்னாலை ரண்டு தரம் நிப்பாட்டினவங்களாம். தலை ஆடேல்லை.

அவள் கிணத்தடியிலை வாளி நிறையத் தண்ணி அள்ளி வைச்சிருந்தாள். செம்பிலை மொண்டு நீட்டினாள். அவர் வாங்க முதல் கேட்டார்:

"படத்தைக் குடுத்தனீங்களோ?"

"ஓம். மடிச்சுப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு போட்டான்."

நமசிவாயத்தார் கொஞ்சம் யோசிச்சார்.

"பெட்டை வடக்குக் குறி போட்டவளோ?"

ஞானம் செம்பை அவற்றை கையிலை குடுக்கேல்லை. தலையிலை ஊத்தினாள். இன்னொரு செம்பு மொண்டு அதையும் ஊத்தினாள். மூண்டாவது செம்பை மொண்டு, வெடிச்ச உதட்டுக்குக் கிட்ட அவளே பிடிச்சாள்.